பின்னறையில் ஒரு கூண்டு

நெய்வேலி,
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி ஆரோன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் எவாஞ்சலினும் சுகம். அண்ணியும் ரோஸ்லினும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அங்கே மாத்திரை ஒழுங்காகத் தருகிறார்களா?

இந்த மாதமும் மனு போட்டு உங்களைப் பார்க்க வர முடியவில்லை. ஒன்றேகால் மணி நேர பஸ்தான், தெரியும். ஆனால் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. நான் இன்னும் புரொபேஷனில் இருப்பவன். லீவு கேட்டால் "எதுக்கு?" என்பார்கள். என்ன சொல்வேன்?

இங்கே ஒரு புதுத் தொல்லை. எங்கள் செக்‌ஷன் இன்ஜினீயர் சார் மகளுக்காக ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார். வாங்கிய வாரமே அவரை ஏழு மாத டெபுடேஷனில் வடக்கே அனுப்பிவிட்டார்கள். "ஏப்ரல்ல வந்து வாங்கிக்கறேன், அதுவரைக்கும் நீ வெச்சிக்கப்பா" என்று குட்டியையும் நாலடி நீளக் கம்பிக் கூண்டு ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார். என் வேலை நிரந்தரமாவதற்குக் கன்ஃபர்மேஷன் ரிப்போர்ட் எழுதப்போகிறவர் அவர். முடியாது என்று சொல்ல முடியுமா? அதைக் கூண்டில் இருக்கப் பழக்கிவைக்க வேண்டுமாம். வீடு முழுக்கத் திரிந்தால் அவர் மனைவிக்கு ஆகாதாம். நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். பெயர் சீசர்.

நம் வேன் ஷெட்டில் எத்தனை நாய்களை வளர்த்தீர்கள்! என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். பதிலைக் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே பழனிவேல் பஞ்சர் கடைக்கு அனுப்புங்கள். இங்கே பிளாக்கில் அக்கம்பக்கம் சரியில்லை.

உங்கள் அன்புத் தம்பி,
ஆரோன்


சிறையிலிருந்து,
2.10.2024

தம்பி ஆரோனுக்கு,

உன் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. களியும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. நீங்கள் எல்லாரும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

சீசரா! நம் வீட்டில் ஏற்கெனவே ஓர் அலெக்சாண்டர் இருக்கிறான், உன் அண்ணன். பெயரைப் பார்த்தால் உலகத்தையே பிடித்திருக்க வேண்டும். அவன் பிடித்தது ஷிப்ட் வேன் ஸ்டீயரிங். இவனாவது உருப்படட்டும்.

கேட்டாயே ஒரு யோசனை, சரியான ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். நாற்பத்து நாலு நாளாக நானும் அதே படிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொள். முதல் வாரம் கதவை மூடவே மூடாதே. சோற்றைக் கூண்டுக்குள் வை. அதுவாகப் போகட்டும், அதுவாக வரட்டும். போவதும் வருவதும் தன் இஷ்டம் என்று நம்பிக்கை வந்த பிறகு ஒரு நிமிடம் மூடு, பிறகு ஐந்து நிமிடம். மூன்று பக்கமும் பழைய புடவையைப் போர்த்து. ஒரு பக்கம் மட்டும் மனிதர் நடமாட்டம் தெரிய வேண்டும். அடைப்பதற்கு முன்னால் வெளியே கூட்டிப்போய் ஒன்றுக்கு விடு. அழுகிறபோது திறக்காதே, அழுகை நின்றதும் திற. முக்கியமானது ஒன்று. ஆறு மணிக்குத் திறப்பேன் என்று பழக்கினால் ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். அடைபட்டவனுக்கு வேறு கடிகாரம் கிடையாது.

இப்போது என் விஷயம். அப்பீல் தள்ளுபடியான அன்று, போலீஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, கோர்ட்டு வராந்தாவில் உன் காதில் ஒன்று சொன்னேன். உன் அண்ணி வினோலியாவிடம் நேரில் சொல் என்றேன். சொன்னாயா? இங்கே கடிதம் எல்லாம் ஆபீசில் பிரித்துப் படித்து, முத்திரை குத்தித்தான் போகும், வரும். போனில் பேசினாலும் பதிவாகிறது. அதனால் என்னால் சொல்ல முடியாது. வேனை ஓட்டியது அலெக்சாண்டர்தான். மூன்று வருடமாகக் கோர்ட்டில் அதைத்தான் சொன்னேன், கோர்ட்டும் அதைத்தான் எழுதியது. உன் பெயர் வேலை லிஸ்டில் வந்த மாதம் நடந்தது அது. நீ மறந்திருக்க மாட்டாய்.

நான் குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அது வினோவுக்குத் தெரியும். இருந்தாலும் என்னைக் கொண்டுபோன அன்று அவள் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. அவளும் மகள் ரோஸ்லினும் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பதினெட்டு மாதத்தை என்னால் தள்ள முடியாது. அவளிடம் சொல்லிவிடு. எல்லாம் முடிந்த பிறகு அவள் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாள். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

உங்கள் எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும்,
அலெக்சாண்டர்


நெய்வேலி,
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஒழுகாமல் இருக்கிறதா? தலைக்கு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மூன்று நாள் கதவைத் திறந்து வைத்தேன். ஒரு வாரம் என்றீர்கள், ஆனால் எவாஞ்சலினுக்குப் பொறுமை இல்லை. ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று கூண்டைப் பின்னறையில் ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். அவளும் டியூஷன் எடுக்கப் போய்விடுவதால், நான் ஷிப்ட் போனால் திரும்பும்வரை எட்டு மணி நேரம் உள்ளேதான். வந்து பார்த்தால் கூண்டு நாறிக் கிடக்கிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள், தான் படுக்கிற இடத்தில் நாய் அசிங்கம் பண்ணாதாம். இது ஏன் பண்ணுகிறது?

சார் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வந்து "சீசர், சீசர்" என்று கூப்பிடுகிறார். அதற்குள் அதைக் குளிப்பாட்டி உட்கார வைப்பதற்கு எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன் அண்ணா. நிம்மதியாக இருங்கள். ஒன்றும் பேசவில்லை. தலையை ஆட்டினார்கள்.

உங்கள் ஆசியை நாடும்,
ஆரோன்


சிறையிலிருந்து,
28.10.2024

என் தம்பிக்கு,

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். நான் சுகம், சுகம், சுகம். உன் கடிதம் வந்த அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன். பக்கத்துப் பாய்க்காரர் திருவதிகைக்காரர், "என்னாப்பா, விடுதலையா?" என்றார். அதற்குச் சமம்தான் என்றேன். நான் கொலைகாரனாகவே உள்ளே இருந்துவிட்டுப் போகிறேன், அவளுக்குத் தெரிந்தால் போதும்.

சீசர் விஷயத்துக்கு வருகிறேன். அடேய், அறிவு கெட்டவனே! மூன்றரை மாதக் குட்டியை எட்டு மணி நேரம் அடைத்தால் அது எங்கே போகும்? ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்குத் தாங்காது. படுக்கிற இடத்தில் அசிங்கம் பண்ண அதற்கும் வெட்கம்தான். வெட்கத்தை விட வைத்தது நீ. ஒருமுறை விட்டுவிட்டால் பிறகு அது நாயாக இருந்தாலும் மனிதனாக இருந்தாலும் திரும்ப வராது. பழனிவேல் கடையிலிருந்து யாரையாவது நடுவில் அனுப்பித் திறந்துவிடச் சொல். கூண்டுக்கு நடுவே தடுப்புத் தகடு இருக்குமே, அதைப் போட்டு இடத்தைக் குறை. நின்று திரும்புகிற அளவு இருந்தால் போதும்.

ஆமாம், ஒன்று கேட்கிறேன். பின்னறை என்கிறாயே, அது எட்டுக்குப் பத்து. வினோவுக்கும் ரோஸ்லினுக்கும் என்று நீ சொன்ன அறை அதுதானே? நாலடிக் கூண்டை ஜன்னலோரம் போட்டால் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். அவர்கள் எங்கே படுக்கிறார்கள்? ஹாலிலா? குழந்தைக்கு நாய் முடி சேராது, போன வருடம் பூனைக்கே மூச்சு இழுத்தது.

வினோவை ஒரு வரி எழுதச் சொல். இல்லை, அவளை அவசரப்படுத்தாதே. அவளாக எழுதட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்


சிறையிலிருந்து,
27.12.2024

தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. நான் சுகம். நீயும் எவாஞ்சலினும் சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. பழனிவேல் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனோடு சேர்த்து என் கடிதத்தையும் ஒட்டிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இங்கே சாமியார் வந்து பூசை வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டு கேக். நான் பாதியை எடுத்து வைத்தேன், பழக்கதோஷம். ரோஸ்லினுக்கு என்று வைத்துவிட்டு அப்புறம் நானே தின்றேன்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அவர்கள் எங்கே படுக்கிறார்கள்? இது பெரிய கணக்கு இல்லையே. "ஹாலில்" என்றோ "சமையல்கட்டில்" என்றோ ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். வினோவுக்கும் எனக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவள் தலையை ஆட்டுகிற ஜாதி இல்லை. உப்பு கூடிவிட்டது என்று சொன்னாலே கால் மணி நேரம் பேசுவாள். நீ சொன்னதைக் கேட்டிருந்தால் முதலில் உன்னைக் கிழித்திருப்பாள், மறுநாள் பஸ் பிடித்து வந்து என்னைக் கிழித்திருப்பாள். நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மனு நாள் போய்விட்டது. என் பெயரைக் கூப்பிடவில்லை.

அவளிடம் என்ன சொன்னாய்? எந்த வார்த்தையில் சொன்னாய்?

அலெக்சாண்டர்


நெய்வேலி,
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஷட்டவுன் வேலை, ஓவர்டைம், பிறகு எவாஞ்சலினுக்குக் காய்ச்சல். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசர் ஏழு மாதக் குட்டி. கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்துவிட்டான். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து ஈறெல்லாம் ரத்தம். சார் வீடியோவில் பார்த்துவிடுவாரே என்று வாயைத் துடைத்துவிட்டுத்தான் காட்டுகிறேன். செருப்பைக் கடித்தால் எவாஞ்சலின் காதைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறாள். இப்போது கூண்டைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறது. ஏப்ரலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். இவன் பழகாவிட்டால் சார் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஒரு வழி சொல்லுங்கள்.

அண்ணியும் ரோஸ்லினும் மேல்பட்டாம்பாக்கத்தில் அண்ணியின் அக்கா சாமியம்மாள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களாகவே கேட்டுத்தான் போனார்கள். அங்கே பள்ளிக்கூடம் பக்கமாம். சுகமாக இருக்கிறார்கள்.

மே மாதம் எனக்குக் கன்ஃபர்மேஷன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. நீங்களும் இப்போதைக்கு அண்ணிக்கு எழுத வேண்டாம். அவர்கள் மனசு கலங்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
ஆரோன்


சிறையிலிருந்து,
20.2.2025

அன்புள்ள வினோவுக்கு,

நீயும் ரோஸ்லினும் சுகமா? சாமியம்மாள் அக்காவும் அவர்கள் வீட்டார் எல்லாரும் சுகமா? நான் சுகம். கால் வீக்கம் போய்விட்டது. இங்கே தச்சுப் பட்டறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நீ அங்கே இருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிந்தது. குவார்ட்டர்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை எழுதச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் ஒன்று மட்டும் எழுது. அக்டோபர் மாதம் ஆரோன் உன்னிடம் ஏதாவது சொன்னானா? என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே எழுது, உன் பேச்சாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். திட்ட நினைத்தால் அதைத் தனித் தாளில் எழுது, அதையும் சந்தோஷமாகப் படித்துக்கொள்கிறேன்.

ரோஸ்லினுக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டதா?

உன்,
அலெக்சாண்டர்


மேல்பட்டாம்பாக்கம்,
14.3.2025

ரோஸ்லின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். தவக்காலம் தொடங்கினால் கோபம் அடங்கும், பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அடங்கவில்லை.

அக்டோபரில் ஆரோன் தம்பி என்னிடம் எப்படிப் பேசியிருக்க முடியும்? நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்ததே பத்தொன்பது நாள்தான். செப்டம்பர் ஏழாம் தேதி அந்தக் கூண்டு வந்தது. எட்டாம் தேதி, மாதா பிறந்த நாள் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். என் டிரங்குப் பெட்டியும் ரோஸ்லின் புத்தகப் பையும் வராந்தாவில் இருந்தன. எவாஞ்சலின் சொன்னாள்: "கோவிச்சிக்காதீங்கக்கா. சாரோட நாய்க்கு இந்த வூட்ல இடம் இல்லன்னா, இவருக்கு வேலைல இடம் இல்ல." உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நாய்க்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஏற்ற வந்தபோது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். அப்படியே எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். "எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்றேன். அண்ணன் அன்னிக்கு தண்ணி போட்டுகினுதான் வண்டில ஏறுனாரு அண்ணி. நான் எவ்ளோ சொல்லியும் சாவிய குடுக்கல."

வேன் மோதிச் செத்தது யாரோ இல்லை. என்னோடு ஒரே கான்ட்ராக்டில் பெருக்குகிற மாணிக்கம்மாளின் வீட்டுக்காரர். மூன்று வருடம் அவளோடு ஒரே முறம் பிடித்தேன். "விதி, எங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல" என்று அவளிடமே சொன்னேன். அவளும் நம்பினாள். இதைக் கேட்ட பிறகு அவள் காலில் போய் விழுந்தேன். வேலையை விட்டேன். இப்போது நெல்லிக்குப்பத்தில் ஒரு பேக்கரியில் ரொட்டிக்குக் கவர் போடுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் அப்பாவின் கல்லறை மேல் கை வைத்து என்ன சத்தியம் செய்தீர்கள்? எங்கள் அப்பா குடியால் செத்தவர். ரோஸ்லின் கேட்டாள். பொய் சொல்லி வளர்க்க எனக்கு இஷ்டமில்லை. "அப்பா குடிச்சிட்டு ஓட்டுனாரு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.

இப்படிக்கு,
வினோலியா


சிறையிலிருந்து,
25.3.2025

ஆரோன்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

வினோ எழுதிவிட்டாள். நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே "அண்ணியும் சுகம்" என்றாய். அப்போது அவள் பெட்டியோடு வெளியே போய்ப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. நான் பைத்தியக்காரன் மாதிரி அந்த அறையில் நாயை எப்படி வசதியாக வைப்பது என்று உனக்குப் பாடம் எழுதியிருக்கிறேன். பழைய புடவை போர்த்தச் சொன்னேனே, யார் புடவையைப் போர்த்தினாய்?

நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்கிறேன், அது உனக்கு என்ன பாவம் செய்தது? கூண்டைத் தண்டனையாக்காதே. பூட்டை எடுத்துவிடு. கதவையே கழற்றி வை. சோறு, எலும்பு எல்லாம் உள்ளேயே வை. ஒரு மாதம் அதைக் கையால் தொடாதே, காதைப் பிடிக்காதே. பயம் போனால் அதுவே உள்ளே போய்ப் படுக்கும். நாய் மன்னிக்கும். அதற்கு அப்படி ஒரு குணம். எனக்கு அந்தக் குணம் இல்லை.

ஏப்ரல் இருபது ஈஸ்டர். அதற்குள் நீ மேல்பட்டாம்பாக்கம் போக வேண்டும். வினோவை உட்கார வைத்து, நான் கோர்ட்டு வராந்தாவில் சொன்னதை, ஒரு வார்த்தை குறையாமல், உன் வாயால் சொல்ல வேண்டும். ரோஸ்லினும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நானே எழுதுவேன். கடிதத்தை இங்கே படிக்கிறார்கள், தெரிந்துதான் சொல்கிறேன். உன் கன்ஃபர்மேஷன் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

அலெக்சாண்டர்


நெய்வேலி,
24.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். இங்கே யாவரும் மாதா தயவால் சுகம். வெயில் கொளுத்துகிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் கோபம் நியாயம். நான் கோழை. அதை ஒத்துக்கொள்கிறேன். பெட்டியை வராந்தாவில் வைத்தது எவாஞ்சலின் என்றாலும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடியே கதவைக் கழற்றி வைத்தேன். மூன்றாவது வாரம் சீசர் தானாகவே உள்ளே போய்ப் படுத்தான். பிறகு கதவை மாட்டினேன். மூடினாலும் பேசாமல் இருக்கிறான். போன வாரம் சார் திரும்பி வந்தார். வந்து பார்த்துவிட்டு, "பலே ஆரோன், உனக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று தோளில் தட்டினார். நாயையும் கூண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரிப்போர்ட் நல்லபடியாக எழுதிவிட்டதாக ஆபீஸ் கிளார்க் சொன்னார். எல்லாம் உங்கள் யோசனையால்தான் அண்ணா.

நீங்கள் சொன்ன தேதி தவறாமல், ஈஸ்டர் அன்று மேல்பட்டாம்பாக்கம் போனேன். அண்ணியையும் ரோஸ்லினையும் உட்கார வைத்து, பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டேன். இனி என் மனதில் பாரம் இல்லை. நீங்களும் இனி அண்ணிக்குத் தாராளமாக எழுதலாம்.

உங்கள் தம்பி,
ஆரோன்


சிறையிலிருந்து,
2.5.2025

அன்புள்ள வினோவுக்கு,

நீயும் ரோஸ்லினும் சுகமா? ஆரோன் வந்து சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறான். அவன் சொல்லை இனி நான் நம்புவதாக இல்லை. ஒருமுறை சூடு பட்டது போதும். அதனால் அவன் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், நானே எழுதுகிறேன். இதைப் பிரித்துப் படிக்கிற ஐயா யாரோ, அவரும் படிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் அன்று குடிக்கவில்லை. உங்கள் அப்பா கல்லறை மேல் வைத்த கை இது, இதாலேயே எழுதுகிறேன். வேனை ஓட்டியது ஆரோன்.

நெல்லிக்குப்பத்தில் ஞானஸ்நான விருந்து. ரோஸ்லினுக்கு ஜுரம் என்று நீ வரவில்லை. அவன் பெயர் லிஸ்டில் வந்த சந்தோஷத்தில் கூட்டாளிகளோடு குடித்திருந்தான். திரும்பும்போது "நான் ஓட்றேன் குடுண்ணா, நானும் இனிமே பர்மனென்ட் ஆளு" என்று சாவியைக் கேட்டான். கொடுத்தேன். அது என் தப்பு. வடலூர் தாண்டித் திருப்பத்தில், பொழுது சாய்கிற நேரம், மாணிக்கம்மாளின் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். நாங்கள் இருவரும்தான் தூக்கி வேனில் போட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

அன்று இரவே அம்மா படத்துக்கு முன்னால் ஆரோன் என் காலைக் கட்டிக்கொண்டான். கேஸ் என்று பெயர் வந்தால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றான். ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. அப்பா சுரங்கத்துக்கு மூன்று காணி நிலத்தைக் கொடுத்து வாங்கிய வேலை அது. எனக்குப் படிப்பு இல்லை, வயதும் போய்விட்டது. அவன் போனால் அந்த வேலை யாருக்கும் இல்லை. டிரைவர் மேல் கேஸ் வருவது சகஜம், அபராதத்தோடு போகும் என்று வக்கீல் சொன்னார். மறுநாள் காலை ஸ்டேஷனில் நான்தான் ஓட்டினேன் என்றேன். உன்னிடம் சொன்னால் நீ நேராக மாணிக்கம்மாளிடம் போய்ச் சொல்வாய் என்று பயந்து சொல்லவில்லை. இவ்வளவுதான். இதைத்தான் உன்னிடம் சொல்லச் சொல்லி அவனை ஒன்பது மாதம் கெஞ்சினேன்.

என்னைப் பார்க்க வர வேண்டாம். பணம், துணி எதுவும் வேண்டாம். ரோஸ்லினிடம் மட்டும் சொல். அப்பா குடிக்கவில்லை என்று சொல். மற்றதை அவள் பெரியவளான பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என்றும் உன்,
அலெக்சாண்டர்


மேல்பட்டாம்பாக்கம்,
26.5.2025

ரோஸ்லின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்ததும் முழந்தாளிட்டேன். இது உண்மையாக இருக்கக்கூடாதா என்று மாதாவிடம் கேட்டேன். அதை நான் மறைக்கவில்லை.

ஈஸ்டர் அன்று உங்கள் தம்பி வந்தார். ரோஸ்லினுக்குக் கவுன், அக்காவுக்குப் புடவை எல்லாம் கொண்டுவந்தார். வராந்தாவில் பெட்டியை வைத்ததற்கு என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதார். பிறகு சொன்னார்: "அண்ணன் உங்களுக்கு சீக்கிரமே ஒரு லெட்டர் எழுதுவாரு அண்ணி. வண்டி ஓட்டுனது நான்தான்னு எம்மேல போடுவாரு. உள்ள இருக்கறவங்களுக்கு புத்தி அப்டித்தான் போவும். கூட கீறவங்க சொல்லிக் குடுப்பாங்க, 'தம்பி மேல தள்ளு, பொண்டாட்டி திரும்பி வருவா'ன்னு. நீங்க கோவிச்சிக்காதீங்க. நானும் கோவிச்சிக்க மாட்டேன்." நான் நம்பவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்களுக்காகத்தான் பேசினேன். இரண்டு வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவர் சொன்ன மாதிரியே, சொல்லுக்குச் சொல் இருந்தது.

கடிதத்தின் மேல் சிறை ஆபீஸ் முத்திரை இருந்தது. படித்த அதிகாரிக்கு அது உண்மை என்று ஒரு துளி தோன்றியிருந்தால் சும்மா ஒட்டி அனுப்பியிருப்பாரா? உங்கள் தம்பியை யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் அவருக்குக் கன்ஃபர்மேஷன் ஆர்டரே வந்துவிட்டது.

குடித்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். கூடப் பிறந்தவன் மேல் ஒரு மனிதனின் சாவைத் தூக்கிப் போடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூனில் நாங்கள் நெய்வேலிக்கே போகிறோம். ரோஸ்லினுக்கு டவுன்ஷிப்பில் நல்ல பள்ளியில் அவர்தான் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பின்னறையைக் கழுவி, வெள்ளையடித்து வைத்திருக்கிறாராம். நீங்கள் வெளியே வந்த பிறகு அங்கே வர வேண்டாம். அவரும் எவாஞ்சலினும் இதைச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை ரோஸ்லினிடம் காட்டவில்லை. அப்படி ஒன்று வந்தால் தன்னிடம் கொடுத்துவிடும்படி உங்கள் தம்பி அன்றே கேட்டிருந்தார், வேறு யார் கையிலாவது கிடைத்தால் உங்களுக்குத்தான் கேடு என்று. நேற்று வந்திருந்தார், கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அண்ணனுக்காக ஜெபம் பண்ணுங்க அண்ணி" என்றார்.

பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வினோலியா